திட்டம், தரம், புத்தாக்கம்: மூன்று துறைகளா, ஒரே பொறுப்பா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் மென்பொருள் நிறுவனத்தில் ஏறத்தாழ 200 பேர் பணியாற்றுகிறார்கள். திட்ட மேலாண்மைக்கு ஒரு குழு, தரத்துக்கு ஒரு குழு, புத்தாக்கத்துக்கு ஒரு குழு என்று தனித்தனித் தலைவர்களோடு இயங்குகின்றன. கெடு நெருங்கும்போது தரக் குழுவின் ஆட்சேபம் ஓரங்கட்டப்படுகிறது. தரக் குழு பிடியை இறுக்கினால் புதிய முயற்சிகள் முடங்கிவிடுகின்றன. புத்தாக்கக் குழு செய்து காட்டும் முன்மாதிரிகளை மற்ற இரு குழுக்களும் தொடுவதே இல்லை. இந்த மூன்றுக்கும் இடையே சமநிலையை எப்படிக் கொண்டுவருவது என்று கேட்கிறீர்கள்.

இந்த மூன்று பொறுப்புகளையும் வெவ்வேறு காலங்களில் வகித்தவன் என்ற முறையில், தராசில் மூன்று தட்டுகளை வைத்துச் சமன் செய்ய முயலும் எண்ணத்தையே கைவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். மூன்று குழுக்களும் கையாள்வது ஒன்றைத்தான். நமக்கு இன்னும் தெரியாததை. வேலை எப்போது முடியும் என்பது தெரியாததால் திட்ட மேலாண்மை தேவைப்படுகிறது. செய்த வேலையில் எங்கே பிழை இருக்கிறது என்பது தெரியாததால் தர மேலாண்மை தேவைப்படுகிறது. எதைச் செய்தால் பயன்படும் என்பதே தெரியாதபோது புத்தாக்கம் தேவைப்படுகிறது. ஒரு வேலையில் தெரியாதது எவ்வளவு என்பதை நேர்மையாக ஒப்புக்கொண்டு, அந்த அளவுக்கேற்ற விதியை அந்த வேலைக்கு வைத்தால், குழுக்களுக்கு இடையிலான சண்டையில் பெரும்பகுதி தானாகவே அடங்கிவிடும். எல்லா வேலைகளுக்கும் ஒரே விதியை வைக்கும் இடத்தில்தான் மூன்றும் மோதிக்கொள்கின்றன.

முதலில் திட்டத்தை எடுத்துக்கொள்கிறேன். ஒரு வேலை எத்தனை நாளில் முடியும் என்று கேட்டால் பொறியாளர் ஓர் எண்ணைச் சொல்வார். அந்த எண் பெரும்பாலும் குறைவாகவே இருக்கும். சோம்பலையோ பொய்யையோ இதற்குக் காரணமாகக் கூறுவது தவறு. உளவியலாளர்கள் டேனியல் கானமனும் ஆமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979ஆம் ஆண்டிலேயே இதை விளக்கினார்கள்: மனிதர்கள் தம் முன்னால் இருக்கும் வேலையின் படிகளை மட்டும் மனத்தில் ஓட்டிப் பார்த்துக் கணக்கிடுகிறார்கள், இதே போன்ற வேலைகள் முன்பு உண்மையில் எவ்வளவு காலம் பிடித்தன என்ற பதிவைத் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆகவே உங்கள் நிறுவனத்தின் பழைய திட்டங்களில் முதலில் சொன்ன நாட்களும் கடைசியில் ஆன நாட்களும் ஒரு பக்கத் தாளில் இருந்தாலே போதும், எந்த விலையுயர்ந்த கருவியையும் விட அது நன்றாக வேலை செய்யும். அதோடு, "எத்தனை நாள்?" என்று கேட்ட கையோடு, "எது தெரிந்துவிட்டால் இந்த எண்ணை உறுதியாகச் சொல்வீர்கள்?" என்ற இரண்டாவது கேள்வியையும் கேட்டுப் பழகுங்கள். இந்தக் கேள்விக்கு வரும் விடைதான் திட்டத்தின் முதல் வாரத்து வேலை. வெளி நிறுவனத்தின் இடைமுகம் நாம் நினைப்பதுபோல் நடந்துகொள்ளுமா என்பது தெரியவில்லை என்றால், முகப்புத் திரையை அழகுபடுத்துவதை விட்டுவிட்டு அதையல்லவா முதலில் சோதிக்க வேண்டும்?

தாமதமான திட்டத்தில் ஆட்களைக் கூட்டுவது பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனெனில் இன்றும் பெரும்பாலான தலைமைகள் முதலில் எடுக்கும் முடிவு இதுதான். ஐபிஎம் நிறுவனத்தின் சிஸ்டம் 360 கணினிக்கான இயக்க மென்பொருள் உருவாக்கத்தை 1960களில் வழிநடத்திய ஃபிரெடரிக் புரூக்ஸ், தாமதமான மென்பொருள் திட்டத்தில் ஆட்களைச் சேர்த்தால் அது மேலும் தாமதமாகும் என்று 1975இல் எழுதினார். காரணம் எளிய கணக்கு. ஐந்து பேர் கொண்ட குழுவில் இருவர் இருவராகப் பேசிக்கொள்ள 10 வழிகள் உண்டு. பத்துப் பேர் என்றால் 45. பதினைந்து பேர் என்றால் 105. ஆட்கள் மூன்று மடங்காகும்போது பேச்சுவழிகள் பத்து மடங்குக்கு மேல் ஆகின்றன. போதாக்குறைக்கு, புதிதாக வந்தவருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியவர், ஏற்கெனவே மூச்சுமுட்ட வேலை செய்துகொண்டிருப்பவராகவே இருப்பார்.

கையிலிருக்கும் வேலைகளின் எண்ணிக்கையும் இதே அளவு முக்கியமானது. ஆனால் அது யார் கண்ணிலும் படுவதில்லை. ஜான் லிட்டில் 1961இல் கணித முறையில் நிறுவிய ஒரு விதி இருக்கிறது: ஓர் அமைப்புக்குள் இருக்கும் வேலைகளின் சராசரி எண்ணிக்கையை, அது சராசரியாக முடித்து அனுப்பும் வேகத்தால் வகுத்தால், ஒரு வேலை அதற்குள் காத்திருக்கும் சராசரிக் காலம் கிடைக்கும். உங்கள் குழு வாரத்துக்கு ஐந்து வேலைகளை முடிக்கிறது, ஒரே நேரத்தில் நாற்பதைத் திறந்து வைத்திருக்கிறது என்றால், ஒவ்வொன்றும் முடிய எட்டு வாரம் ஆகும். இருபதை மட்டும் திறந்து வைத்தால் நான்கு வாரம். ஒருவரையும் கூடுதலாக உழைக்கச் சொல்லாமலே காத்திருப்புக் காலம் பாதியாகிவிடுகிறது. "எல்லாவற்றையும் தொடங்கிவிட்டோம்" என்று பெருமையாகச் சொல்லும் மேலாளர், உண்மையில் எல்லாவற்றையும் தாமதப்படுத்திவிட்டதாகச் சொல்கிறார்.

மென்பொருளைச் சிறு சிறு சுற்றுகளாக உருவாக்கும் அஜைல் முறை பற்றியும் கேட்டிருந்தீர்கள். 2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 17 பேர் கூடி எழுதிய அறிக்கையிலிருந்து அந்த இயக்கம் பெயர் பெற்றது. அதன் உள்ளுயிர், சிறு பகுதியைச் செய்து, பயனரிடம் காட்டி, கற்றுக்கொண்டதை அடுத்த பகுதியில் பயன்படுத்துவது. கற்றது எதுவும் அடுத்த இரண்டு வாரத்துத் திட்டத்தை மாற்றவில்லை என்றால், தினசரிக் கூட்டமும் ஸ்பிரிண்ட் எனப்படும் குறுகிய வேலைச் சுற்றும் நாட்காட்டியை நிரப்புகின்றன, அவ்வளவே. அதைத் தாண்டி அந்த விவாதத்துக்குள் நான் போக விரும்பவில்லை.

தரம் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் பெரும்பாலான நிறுவனங்கள் அதைக் கடைசிக் கதவில் நிற்கும் காவலாளியாக மட்டுமே பார்க்கின்றன. அமெரிக்கப் புள்ளியியலாளர் எட்வர்ட்ஸ் டெமிங் 1950இல் ஜப்பானியத் தொழில்துறையினருக்கு வகுப்பெடுத்த காலந்தொட்டு வலியுறுத்திவந்த கருத்து ஒன்று உண்டு: முடிந்த பொருளைப் பரிசோதிப்பதால் தரம் உண்டாவதில்லை, செய்யும் முறையில்தான் அது உண்டாக வேண்டும். அதைக் கண்முன் காட்டும் சான்று ஜப்பானியக் கண்டுபிடிப்பாளர் சகிச்சி டொயோடாவின் தானியங்கித் தறி. 1924இல் முழுமை பெற்ற அந்தத் தறியில் ஓர் இழை அறுந்தால் தறி அந்தக் கணமே தானாக நின்றுவிடும். குறையுள்ள துணி ஒரு முழம்கூட நெய்யப்படாது. ஒவ்வொரு தறிக்கும் ஒருவர் கண்கொட்டாமல் காவல் இருக்க வேண்டியதும் இல்லை. இந்த எண்ணத்தின் நீட்சியாகத்தான் பின்னாளில் டொயோட்டாவின் கார் ஆலைகளில், குறையைக் கண்ட எந்தத் தொழிலாளியும் கயிற்றை இழுத்து உதவி கேட்கலாம், தேவையானால் உற்பத்தி வரிசையே நிற்கும் என்ற ஏற்பாடு வந்தது. பிழை பிறந்த இடத்துக்கும் அது தெரியவரும் இடத்துக்கும் உள்ள தூரத்தைக் குறைப்பதே அந்தக் கயிற்றின் வேலை. மென்பொருளில் இதற்கு நிகரானவை தானியங்கிச் சோதனைகள், சக பொறியாளர் நிரலைப் படித்துப் பார்க்கும் ரிவ்யூ, சிறு சிறு வெளியீடுகள். அந்தக் கயிறு நம்மிடமும் இருக்கிறது. இழுத்தவரை நாம் எப்படி நடத்துகிறோம் என்பதில்தான் வேறுபாடு.

இதை நான் கற்றுக்கொண்ட நாளை மறக்க இயலாது. பணம் செலுத்தும் பகுதி ஒன்றை வெளியிடும் பணிக்கு நான் பொறுப்பாளராக இருந்தேன். வெளியீட்டுக்கு நான்கு நாள் முன்பு, பணியில் சேர்ந்து இரண்டு ஆண்டுகூட நிறையாத சோதனையாளர் ஒருவர் மடிக்கணினியைத் திறந்தபடியே என் மேசைக்கு வந்தார்.

"சார், இந்தச் சோதனையை அஞ்சு தடவை ஓட்டினால் ஒரு தடவை தோற்றுப்போகுது."

"திரும்ப ஓட்டிப் பாருங்கம்மா."

"திரும்ப ஓட்டினால் தேறிடுது, சார்."

"அப்புறம் என்ன?"

அவர் ஒரு கணம் நின்று, தலையசைத்துவிட்டுப் போனார். திரையில் எல்லாம் பச்சையாக இருந்தது. திட்டமிட்ட நாளில் வெளியிட்டோம். ஒரே ஆர்டருக்கு இருமுறை பணம் பிடித்ததாக வாடிக்கையாளர் புகார்கள் குவிந்த பிறகு பதிவேட்டைப் புரட்டினேன். அவர் அன்றைக்கே எழுதி வைத்திருந்த குறிப்பு அங்கே இருந்தது: "ஐந்தில் ஒன்று தோல்வி. இரண்டு கோரிக்கைகள் ஒரே நேரத்தில் வந்தால் மட்டுமா?" காரணம் துல்லியமாக அதுதான். அந்தக் குறிப்பு எழுதப்பட்ட நாளுக்கும் நிறுவனத் தலைமைக்குச் செய்தி எட்டிய நாளுக்கும் இடையே 23 நாட்கள் கடந்திருந்தன. அவருக்குத் திறமை இருந்தது, சோதனை இருந்தது, பதிவும் இருந்தது. கேட்கும் காதுதான் இல்லை, அந்தக் காது என்னுடையது. ஐந்தில் ஒரு முறை தோற்கும் சோதனை, தோற்ற சோதனைதான் என்ற விதியை அன்றிலிருந்து நான் தளர்த்தியதில்லை.

ஹார்வர்டு பேராசிரியர் ஏமி எட்மண்ட்சன் 1990களில் மருத்துவமனைச் செவிலியர் குழுக்களிடையே மருந்துப் பிழைகளை ஆராய்ந்தபோது, நன்றாக இயங்கும் குழுக்களில் பிழைகள் குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். கிடைத்த தரவு நேர்மாறாக இருந்தது. நல்ல குழுக்களில்தான் அதிகப் பிழைகள் பதிவாகியிருந்தன. அந்தக் குழுக்களில் பிழையைத் தயங்காமல் வெளியே சொல்ல முடிந்ததே அதற்கு விளக்கமாகத் தோன்றியது. உங்கள் தரக் குழுவின் மாதாந்தர அறிக்கையில் பிழை எண்ணிக்கை திடீரெனக் குறைந்தால், மகிழ்வதற்கு முன் இந்த ஆய்வை ஒரு கணம் நினைத்துப் பாருங்கள். எண்ணிக்கையைக் குறைத்தால் பாராட்டு, கூடினால் விளக்கம் கேட்கும் கடிதம் என்று வைத்தால் எண்ணிக்கை நிச்சயம் குறையும், பிழைகள் குறையா.

எண்களைப் படிப்பதிலும் ஒரு பயிற்சி வேண்டும். ஒரு குழுவில் வாரந்தோறும் 12, 15, 11, 14, 13 எனப் பிழைகள் பதிவாகின்றன என்று வைத்துக்கொள்வோம். 15 வந்த வாரம் மேலாளர் கடிந்துகொள்கிறார். அடுத்த வாரம் 11 ஆனதும் தன் கண்டிப்பு பலித்தது என்று நம்புகிறார். உண்மையில் அந்த ஏற்ற இறக்கம் அந்த வேலைமுறையின் இயல்பான அசைவு. யாரும் எதுவும் சொல்லாமல் இருந்தாலும் அப்படித்தான் அசைந்திருக்கும். பெல் நிறுவனத்தில் பணியாற்றிய வால்டர் ஷூஹார்ட் 1924இல் வரைந்து காட்டிய கட்டுப்பாட்டு வரைபடம் இந்த வேறுபாட்டைப் பிரித்தறிவதற்காகவே பிறந்தது. இயல்பான அசைவைக் குறைக்க வேண்டுமானால் வேலைமுறையை மாற்ற வேண்டும், அது நிர்வாகத்தின் பொறுப்பு. ஒரு வாரம் திடீரென 40 வந்தால், அந்த வாரத்தில் என்ன நடந்தது என்று தேட வேண்டும். இரண்டையும் குழப்பிக்கொள்ளும் நிறுவனத்தில் மனிதர்கள் களைத்துப்போவார்கள், வேலைமுறை அப்படியே இருக்கும்.

தரம் என்பது சோதனை மட்டுமே என்று நினைப்பவர்களுக்கு நான் எப்போதும் ஐரோப்பாவின் ஏரியன் 5 ராக்கெட்டின் கதையைச் சொல்வதுண்டு. 1996 ஜூன் 4 அன்று அதன் முதல் பயணத்தில், முதன்மை எந்திரம் இயங்கத் தொடங்கி ஏறத்தாழ 37 வினாடிகளில் அது திசைமாறி வெடித்துச் சிதறியது. திசையை அளக்கும் கருவியின் மென்பொருள் முந்தைய ராக்கெட்டான ஏரியன் 4இலிருந்து எடுத்தது. அங்கே பழுதில்லாமல் உழைத்தது. கிடைமட்டத் திசைவேகத்தோடு தொடர்புடைய 64 பிட் எண் ஒன்றை அது 16 பிட் முழு எண்ணாக மாற்றியது; அதில் அடங்கக்கூடிய மிகப் பெரிய மதிப்பு 32,767. ஏரியன் 5இன் பாதையில் கிடைமட்டத் திசைவேகம் மிக விரைவாகக் கூடியதால் எண் அந்த வரம்பைத் தாண்டியது. மாற்றுக் கருவியும் அதே மென்பொருளை ஓட்டியதால் அதுவும் அதே காரணத்தால் செயலிழந்தது. வரம்பு மீறக்கூடிய ஏழு எண்களில் நான்குக்குப் பாதுகாப்பு வைத்து, கணினியின் சுமை 80 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்பதற்காக மூன்றை அப்படியே விட்டிருந்தார்கள். அந்த மூன்றில் ஒன்றுதான் கவிழ்த்தது. மூன்றை விட்டதற்கான நியாயம் மூல நிரலில் எங்கும் குறிக்கப்பட்டிருக்கவில்லை என்று விசாரணைக் குழு பதிவு செய்தது. புதிய ராக்கெட்டின் உண்மையான பாதைத் தரவைக் கொண்டு அந்தக் கருவி சோதிக்கப்படவும் இல்லை. இன்னொரு வேதனை, அந்தக் கணக்கு ராக்கெட் மேலெழுந்த பிறகு ஏரியன் 5க்குத் தேவையே இல்லை. பழைய ராக்கெட்டின் வசதிக்காக எழுதியது அப்படியே ஓடிக்கொண்டிருந்தது.

ஆகவே ஒரு முடிவை எடுக்கும்போது அதற்கான காரணத்தையும், எந்த அனுமானம் மாறினால் அந்த முடிவு செல்லாது என்பதையும் நிரலுக்குப் பக்கத்திலேயே இரண்டு வரியில் எழுதி வைப்பதை உங்கள் தரக் குழுவின் முதல் விதியாக ஆக்குங்கள். ஐஎஸ்ஓ 9001 என்ற பன்னாட்டுத் தரச் சான்றிதழுக்காகத் தயாரிக்கும் ஆவணக் கட்டுகளை நான் குறைத்து மதிப்பிடவில்லை. அவை ஒழுங்கைக் கற்றுத்தரும். ஆனால் அந்தக் கட்டுகளின் நூற்றுக்கணக்கான பக்கங்களில் இந்த இரண்டு வரி இல்லாமல் போவதைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்.

எச்சரிக்கை வருவது வேறு, அதைப் பார்ப்பது ஒருவரின் கடமையாக இருப்பது வேறு. அமெரிக்கப் பங்கு வர்த்தக நிறுவனமான நைட் கேப்பிடல், 2012 ஆகஸ்ட் 1 அன்று பயன்பாட்டுக்கு வரவிருந்த புதிய மென்பொருளை எட்டு சர்வர்களில் நிறுவியிருக்க வேண்டும், ஒன்று விடுபட்டுப்போனது. அந்த ஒன்றில் பல ஆண்டுகளாகப் பயன்படாமல் கிடந்த பழைய நிரல் உயிர்பெற்று ஆர்டர்களை அள்ளி வீசியது. 45 நிமிடங்களில் நிறுவனம் 44 கோடி டாலருக்கு மேல் இழந்தது. சந்தை திறப்பதற்கு முன்பே அந்தப் பழைய நிரலின் பெயரைச் சுட்டும் 97 தானியங்கி மின்னஞ்சல்கள் ஊழியர்களுக்குப் போயிருந்தன என்பது அமெரிக்கப் பங்குச்சந்தை ஒழுங்குமுறை ஆணையத்தின் விசாரணையில் தெரியவந்தது. அவை எச்சரிக்கைக்கென்று அமைக்கப்பட்டவை அல்ல என்பதால் உடனுக்குடன் படிப்பது யாருடைய வேலையாகவும் இருக்கவில்லை.

இனி, உங்கள் மூன்றாவது குழு. புத்தாக்கத்தில் தெரியாதது மிகப் பெரியது. ஆகவே திட்டத்துக்கும் தரத்துக்கும் பொருந்தும் அளவுகோல்களை அப்படியே கொண்டுவந்தால் அது மூச்சடைத்துப்போகும். 3எம் நிறுவனத்தின் ஸ்பென்சர் சில்வர் 1968இல் வலுவான பசையைத் தேடப்போய், ஒட்டி ஒட்டிப் பிரிக்கக்கூடிய வலுவற்ற பசையைக் கண்டார். அதற்கு என்ன பயன் என்று அவருக்கே தெளிவில்லை. பாட்டுப் புத்தகத்திலிருந்து நழுவி விழும் பக்கக் குறிகளால் தொல்லைப்பட்ட ஆர்ட் ஃப்ரை 1974இல் அதற்கொரு பயனைக் கண்டார். ஒட்டுக் குறிப்புத் தாளாக அது அமெரிக்கா முழுதும் விற்பனைக்கு வந்தது 1980இல். பன்னிரண்டு ஆண்டுகள்! இதை எந்த வேலை அட்டவணையில் எழுதியிருக்க முடியும்? ஊழியர்கள் தம் நேரத்தில் 15 விழுக்காட்டைத் தாம் விரும்பும் ஆய்வில் செலவிடலாம் என்ற வழக்கம் அங்கே நெடுங்காலமாக இருந்துவந்தது.

அதே நிறுவனம் 2001 முதல் வேறொரு பாடத்தையும் கற்றது. புதிய தலைவராக வந்த ஜேம்ஸ் மெக்னெர்னி, சிக்ஸ் சிக்மா முறையை நிறுவனம் முழுதும் பரப்பினார். 1980களில் மோட்டரோலாவில் உருவான அந்த முறையின் குறிக்கோள் பத்து லட்சம் வாய்ப்புகளில் 3.4 குறைகளுக்கு மேல் இல்லாமல் செய்வது. அதற்கு வழி, செய்முறையில் உள்ள வேறுபாட்டைக் குறைத்துக்கொண்டே போவது. ஆலையில் அது பெரும் பயன் தந்தது, செலவு குறைந்தது. ஆய்வகத்துக்குள் அதே முறை நுழைந்தபோது சிக்கல் எழுந்தது, ஏனென்றால் ஆய்வகம் வாழ்வதே வேறுபாட்டால்தான். எதிர்பாராத முடிவைக் குறையாக எண்ணிக் களையும் முறையில் சில்வரின் வலுவற்ற பசை முதல் வாரத்திலேயே குப்பைக்குப் போயிருக்கும். அடுத்து வந்த ஜார்ஜ் பக்லி ஆய்வாளர்களுக்கு அந்தக் கட்டுகளைத் தளர்த்தினார். சிக்ஸ் சிக்மாவை நான் குறை சொல்லவில்லை. தெரிந்ததைச் சீராகச் செய்வதற்கு அதைப் போல நல்ல முறை அரிது. தெரியாததைத் தேடும் இடத்துக்கு அது உரியதன்று என்பதே என் கருத்து. நிறுவனங்களை ஆராய்ந்த அறிஞர் ஜேம்ஸ் மார்ச் 1991இல் நிறுவனங்களுக்குள் இருக்கும் இந்த இழுபறியைத் தேடலுக்கும் பயன்படுத்தலுக்கும் இடையிலான போட்டி என்று விளக்கினார். பயன்படுத்தலின் பலன் விரைவாகவும் உறுதியாகவும் கிடைப்பதால், கவனிக்காமல் விட்டால் அதுவே எப்போதும் வென்றுவிடும்.

அப்படியானால் புத்தாக்கத்தைத் தனித் தீவாக வைத்துவிடலாமா என்றால், அதற்கும் ஓர் எதிர்ச்சான்று உண்டு. 1970இல் ஸெராக்ஸ் தொடங்கிய பாலோ ஆல்டோ ஆய்வு மையம், 1973இலேயே சுட்டெலியும் வரைகலைத் திரையும் கொண்ட ஆல்டோ கணினியை உருவாக்கியது. அதிலிருந்து பெரும் வணிகப் பயன் பெற்றவர்கள் பிறர். ஆனால் அதே மையத்தில் வளர்ந்த லேசர் அச்சுப்பொறி ஸெராக்ஸுக்கு மிகப் பெரிய வருவாயைத் தந்தது. ஏன் ஒன்று கரைசேர்ந்தது, மற்றது சேரவில்லை? என் கணிப்பில், நகலெடுக்கும் எந்திரத்தை விற்றுப் பழகிய நிறுவனத்துக்கு அச்சுப்பொறியை வாங்கிக்கொள்ளும் கை இருந்தது. கணினியை வாங்கிக்கொள்ளும் கை இல்லை. உங்கள் புத்தாக்கக் குழுவின் முன்மாதிரிகளை யாரும் தொடுவதில்லை என்றால், குழுவின் படைப்புத்திறனைச் சந்தேகிப்பதற்கு முன் அந்த வாங்கும் கை எங்கே என்று தேடுங்கள். முன்மாதிரி தொடங்கும் நாளிலேயே, அது வெற்றிபெற்றால் எந்தக் குழு எடுத்துக்கொள்ளும் என்று பெயர் குறிப்பிட்டு, அந்தக் குழுவிலிருந்து ஒருவரை வாரத்தில் ஒரு நாளாவது உடன் இருக்கச் செய்யுங்கள்.

தேடலையும் கட்டுதலையும் ஒரே கெடுவில் பிணைத்துவிடுவதுதான் எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து. அமெரிக்காவின் டென்வர் விமான நிலையம் 1993 அக்டோபரில் திறக்கப்படுவதாக இருந்தது. அதுவரை அந்த அளவில் எங்கும் முயன்று பார்க்காத பயணிகளின் பெட்டிகளைத் தானாகக் கொண்டுசேர்க்கும் அமைப்பை அந்தத் தேதியோடு சேர்த்துக் கட்டினார்கள். பெட்டிகள் சிக்கிக் கிழிந்தன, வண்டிகள் மோதிக்கொண்டன; நிலையம் திறக்க 1995 பிப்ரவரி ஆனது. குறுகிய அளவில் மட்டும் பயன்பட்ட அந்த அமைப்பும் 2005இல் கைவிடப்பட்டது. இதைத் தவிர்க்க நாசா கையாளும் ஏற்பாடு எளிமையானது. ஒரு தொழில்நுட்பத்தின் முதிர்ச்சியை ஒன்று முதல் ஒன்பது வரையிலான படிகளில் மதிப்பிடுகிறார்கள். அடிப்படைக் கோட்பாடு அறியப்பட்ட நிலை முதல் படி, உண்மையான பயணத்தில் வெற்றி கண்ட நிலை ஒன்பதாவது. தொடக்க வடிவமைப்பு மீளாய்வுக்குள் ஆறாவது படியை, அதாவது உரிய சூழலில் முன்மாதிரி இயங்கிக் காட்டிய நிலையை, எட்டியிருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். உங்களுக்கு ஒன்பது படிகள் வேண்டாம், மூன்று போதும்: தாளில் மட்டும் இருப்பது, நம் மேசையில் ஓடியது, உண்மையான பயனரின் தரவோடு ஓடியது. மூன்றாவது படியைத் தொடாத எதையும் தேதி கொடுத்து வாடிக்கையாளருக்கு உறுதியளிக்கக் கூடாது.

தேடும் கட்டத்தில் தேதிக்குப் பதிலாக எல்லை வேண்டும். இரண்டு பேர், ஆறு வாரம், ஒரு கேள்வி என்று வரையறுத்து, எந்த முடிவு வந்தால் நிறுத்திவிடுவோம் என்பதைத் தொடங்கும் முன்பே எழுதிக்கொள்ளுங்கள். பாதி வழியில் எழுதினால் மனம் சாக்குகளைக் கண்டுபிடிக்கத் தொடங்கிவிடும். நிறுத்திய முயற்சியின் அறிக்கையையும் வென்றதன் அறிக்கையைப் போலவே அனைவர் முன்னும் படிக்க வைத்து, அதைச் செய்தவர்களுக்கு அடுத்த நல்ல வேலையைக் கொடுங்கள். முன்மாதிரியின் நிரலை அப்படியே விற்பனைக்குக் கொண்டுபோகும் ஆசை வரும். மென்பொருள் நிபுணர் வார்ட் கன்னிங்ஹாம் 1992இல் இத்தகைய அவசர நிரலைக் கடனுக்கு ஒப்பிட்டார்: விரைந்து திருப்பிச் செலுத்தினால் கடன் நன்மையே செய்யும், செலுத்தாவிட்டால் வட்டி ஏறிக்கொண்டே போகும். கடன் வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்கி, திருப்பும் வாரத்தையும் திட்டத்தில் எழுதியிருந்தால் எனக்கு ஆட்சேபம் இல்லை. நான் பார்த்த இடங்களில் பெரும்பாலும் அந்த வாரம் எழுதப்படுவதே இல்லை.

குழுக்களின் அமைப்பைப் பொறுத்தவரை, மூன்று குழுக்களையும் கலைத்துவிடச் சொல்லவில்லை. தீர்மானிக்கும் பொறுப்பை மட்டும் மாற்றச் சொல்கிறேன். ஒவ்வொரு தயாரிப்புக்கும் ஒருவர், கெடு, தரம், புதிய முயற்சி மூன்றுக்கும் சேர்த்து விடை சொல்பவராக இருக்கட்டும். திட்டக் குழு பழைய பதிவுகளைப் பேணி மதிப்பீடுகளுக்கு உதவட்டும். தரக் குழு சோதனைக் கருவிகளை உருவாக்கி, பிழைகளின் போக்கை ஆராய்ந்து, பயிற்சி தரட்டும். வெளியீட்டை நிறுத்தும் உரிமை அதற்கு எழுத்தில் இருக்கட்டும், நிறுத்தியதை மீற வேண்டுமானால் தயாரிப்புத் தலைவர் தம் பெயரில் கையெழுத்திட்டு மீறட்டும். அந்தக் கையெழுத்து ஒன்று எத்தனை வாக்குவாதங்களை முடித்துவைக்கிறது என்பதை நீங்களே காண்பீர்கள். வாரக் கூட்டத்தில், எத்தனை விழுக்காடு முடிந்தது என்று கேட்பதற்கு முன், "போன வாரம் தெரியாமல் இருந்து இந்த வாரம் தெரியவந்தது என்ன?" என்று கேளுங்கள். முதல் சில வாரங்கள் அறை அமைதியாக இருக்கும். ஒருவர் துணிந்து ஒரு கெட்ட செய்தியைச் சொல்லி, அதற்காக நன்றியும் உதவியும் பெற்றதைப் பார்த்த பிறகு மற்றவர்கள் பேசத் தொடங்குவார்கள். அந்த முதல் மனிதரை நீங்கள் எப்படி நடத்துகிறீர்கள் என்பதைப் பொறுத்தே மீதி எல்லாம்.

இவ்வளவையும் ஒரே நாளில் தொடங்க முடியாது என்பதால், நாளைக்கே செய்யக்கூடிய ஒன்றைச் சொல்கிறேன். அண்மையில் தாமதமான அல்லது பழுதாகி நின்ற ஒரு திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மின்னஞ்சல்கள், சோதனைப் பதிவுகள், கூட்டக் குறிப்புகள் எல்லாவற்றையும் படித்து, சிக்கல் இருப்பதாக யாரேனும் ஒருவர் முதன்முதலில் எழுதிய தேதியையும், முடிவெடுக்கும் அதிகாரம் உள்ளவர் அதை அறிந்த தேதியையும் கண்டுபிடியுங்கள். யார் எழுதினார், யார் கவனிக்கவில்லை என்ற பெயர்களை நீக்கிவிட்டு, இடைப்பட்ட நாட்களின் எண்ணிக்கையை மட்டும் மூன்று குழுத் தலைவர்களும் அமர்ந்திருக்கும் மேசையில் வையுங்கள். எனக்கு அது 23. உங்களுடையது எவ்வளவு என்று தெரிந்ததும், அந்தச் செய்தி எந்தெந்த மேசையில் எத்தனை நாள் கிடந்தது என்பதை மூவரும் சேர்ந்து குறித்துப் பாருங்கள். உங்கள் நிறுவனத்தில் முதலில் மாற்ற வேண்டியது எது என்பது அந்தத் தாளிலேயே இருக்கும்.